பழைய எம்எக்ஸ்-5 காருக்கு வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றுவது எப்படி? முன்பக்கம் சுலபம், பின்பக்கம் ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது

இரண்டு பேர் உட்கார இடம், மடக்கும் துணிக்கூரை, ஏறத்தாழ ஒரு டன் எடை. இங்கிலாந்தில் குறைந்த காசில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைக்கிறவர் மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம் சாயாமல் இருப்பது கஷ்டம். நானும் சாய்ந்தேன். 1991-இல் ஜப்பானில் தயாராகி, அங்கே யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் ஓடி, பிறகு கப்பலேறி இங்கே வந்த வண்டி. வாங்கிய நாலாம் மாதம் எம்ஓடி சோதனையில் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்ப்பது), பின் பிரேக் பேட் தேய்ந்து வருகிறது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கராஜில் விசாரித்தேன், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 240 பவுண்டு என்றார்கள். ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50-க்கு பிரேக் ஷூ மாற்றிய கை இது, இதென்ன பிரமாதம் என்று நானே இறங்கினேன்.

முன்பக்கம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பின்பக்கம் மூன்று சனிக்கிழமைகளையும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேட்களை அழுத்தும் கவ்வியான காலிப்பர் ஒன்றையும் சாப்பிட்டது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகளுக்கு. அதற்குப் பிறகு வந்தவற்றில் பின் காலிப்பரின் அமைப்பு வேறு. உங்களுடையது புதிய வண்டி என்றால் படி 7-ஐ அப்படியே பின்பற்றாதீர்கள்.

1. பேட்தான் பிரச்சினையா என்று பாருங்கள்

செல்போன் டார்ச்சை சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே அடித்தால் வெளிப்பக்கப் பேட் தெரியும். அது தடிமனாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். டிஸ்க்குக்குப் பின்னால் உள்பக்கப் பேட் ஒன்று இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால்தான் அதை ஒழுங்காகப் பார்க்க முடியும். என் வண்டியில் வெளிப்பேட் 5 மி.மீ. இருந்தது, உள்பேட் 2 மி.மீ.கூட இல்லை.

எம்ஓடி கணக்கில் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் அது பெரிய குறை, வண்டி ஃபெயில். நான் 3 மி.மீ. வந்ததுமே பேட் வாங்கி வைத்துவிடுகிறேன். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று தொடர்ந்து சத்தம் வந்தால், பேட்டில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தம். கரகரவென்று இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் என்றால் பேட் தீர்ந்தேவிட்டது. டிஸ்க்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

பெடல் மெல்லத் தரைக்கு இறங்குகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது: இவை பேட் சமாச்சாரம் இல்லை. கசிவு. அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

2. காகிதத்தையும் வண்டியையும் ஒத்துப் பாருங்கள்

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே வீணாகிவிடும்.

உதிரிபாகம் விற்கும் இணையக் கடைகளில் வண்டியின் பதிவு எண்ணைப் போட்டால் இந்தப் பேட்தான் பொருந்தும் என்று ஒன்றைக் காட்டும். இங்கிலாந்திலேயே புதிதாக விற்ற வண்டிக்கு அது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் நம்பாதீர்கள். வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் இங்கே பதிவான ஆண்டும் வண்டி தயாரான ஆண்டும் வேறு வேறாக இருக்கலாம். கடைக்காரரின் கணினி அந்த ஆண்டை வைத்து வேறு மாடலுக்குப் போய்விடும். எனக்கு அப்படித்தான் 1.8 லிட்டர் வண்டியின் பேட் வந்து சேர்ந்தது. என்னுடையது 1.6.

எனவே மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, பானட்டைத் திறந்து சேஸிஸ் எண். ஜப்பானிய வண்டி என்றால் எண்ணின் தொடக்கம் 1.6 எஞ்சினுக்கு என்ஏ6 என்றும், 1.8-க்கு என்ஏ8 என்றும் இருக்கும்.

இரண்டாவது, டிஸ்க்கின் விட்டம். முதல் தலைமுறை 1.6-க்கு முன் டிஸ்க் 235 மி.மீ., 1.8-க்கு 255 மி.மீ. இரண்டாம் தலைமுறையின் ஸ்போர்ட் வகையில் 270 மி.மீ. ஸ்கேலை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். முப்பது வருடத்தில் வண்டி எத்தனை கை மாறியிருக்கும்! 1.6 வண்டியில் 1.8-இன் பிரேக்கைத் தூக்கி மாட்டுவது இந்த வண்டிக்காரர்களிடையே சர்வசாதாரணம். புத்தகம் ஒன்று சொல்லும், சக்கரத்துக்குள் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, பழைய எம்ஓடி சரித்திரம். பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரண்டு மூன்று வருடமாக ஹேண்ட்பிரேக் பிடிமானம் குறைவு என்று குறிப்பு தொடர்ந்து வந்திருந்தால், பின் காலிப்பரில் வேலை இருக்கிறது என்று இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேட் பெட்டியில் ஈசிஇ ஆர்90 ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். பந்தயத்துக்கு என்று விற்கும் பேட்களும் வேண்டாம். அவை சூடேறினால்தான் பிடிக்கும், பள்ளிக்கூட வாசலில் இருபது மைல் வேகத்தில் நமக்கு வேண்டியது குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கிற பேட். ஒரிஜினலுக்கு மாறான பிரேக் எதை மாட்டினாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பலாம். ஆனால் கிரீஸ் தடவி, ஒருமுறை மாட்டிப் பார்த்த பேட்டை யார் திரும்ப வாங்குவார்கள்? பழைய பேட்டைக் கழற்றியதும் புதியதைப் பக்கத்தில் வைத்து, வடிவம், துளைகள், காதுகள் எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகுதான் கிரீஸ் டப்பாவைத் திறக்க வேண்டும்.

3. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

நான் செலவழித்தது: முன் பேட் ஒரு செட் 26 பவுண்டு, பின் பேட் 24. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு கேன், காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்னுக்கான சிலிக்கான் கிரீஸ், பேட்டின் முதுகில் தடவும் செப்புக் கிரீஸ், துருவை இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், கையுறை எல்லாம் சேர்த்து 31. மொத்தம் 81 பவுண்டு. இது திரும்பத் திரும்ப வரும் செலவு.

கருவிகளுக்கு ஒருமுறைச் செலவு: டிராலி ஜாக் 45, தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் ஒரு ஜோடி 28, குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரென்ச் 35. ஜி கிளாம்ப், 14 மி.மீ. ஸ்பேனர், சக்கர நட்டுக்கு 21 மி.மீ. சாக்கெட் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. அதோடு ஒரு 4 மி.மீ. ஆலன் கீ, நம்மூரில் எல் கீ என்போமே அது. ஒரு பவுண்டுகூட ஆகாது. அது இல்லாமல் பின் பிரேக்கைத் தொடாதீர்கள்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மீதியெல்லாம் இரவல் வாங்கலாம்.

சக்கரத்தில் பூட்டு நட் இருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் பாதி நேரம் அது காணாமல்தான் போயிருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தேடத் தொடங்கினால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

4. நாளும் இடமும்

எம்ஓடிக்கு முந்தின நாள் இந்த வேலையைத் தொடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். ஒரு போல்ட் உடைந்தால் போதும், உதிரிபாகம் வர நாலு நாள் ஆகும், அடுத்த விடுமுறை நாள் சனிக்கிழமைதான்.

சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஏதாவது குறைந்தால் கடைக்கு ஓட பகல் பொழுது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். டிசம்பரில் என்றால் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், விறைத்த விரலால் சின்ன ஸ்பிரிங்கை மாட்ட முடியாது. முடிந்தால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை செய்கிறவர் முன்பக்கம் ஒரு சனிக்கிழமை, பின்பக்கம் அடுத்த சனிக்கிழமை என்று பிரித்துக்கொள்வது நல்லது. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மாலையில் காலிப்பர் போல்ட்களின் மேல் இளக்கும் எண்ணெயை அடித்துவையுங்கள். டிஸ்க்கின் முகத்தில் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

சமதளமான கெட்டித் தரை வேண்டும். சரளைக்கல், புல்தரை, சரிவான டிரைவ்வே எதுவும் ஆகாது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் வண்டி ரிப்பேர் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நல்லது.

5. தூக்கும்போது

வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு இளக்கப் போனால் சக்கரம் கூடவே சுற்றும், வண்டியும் ஆடும்.

முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், முதல் கியர். பின்பக்கம் தூக்கும்போது கதை மாறுகிறது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால்தான் வேலை நடக்கும், கியரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆக வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்களுக்கு வைத்த கட்டை மட்டும்தான். இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் வையுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும்.

இந்த வண்டிக்கென்று ஒரு தனிப்பொறி: கதவுக்குக் கீழே ஓடும் சில். இங்கிலாந்தின் மழைக்கும் குளிர்காலச் சாலை உப்புக்கும், பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சில்லின் முனை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். ஜாக்கை அங்கே வைத்து இரண்டு தட்டு தட்டினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். முதலில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள், மொத்தையாகச் சத்தம் வந்தால் அங்கே தூக்காதீர்கள். பின்பக்கத்தை நடுவில், இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குக் கீழேயும், முன்பக்கத்தை நடுக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழேயும் மரக்கட்டை வைத்துத் தூக்கலாம். தூக்கியதும் இரு பக்கமும் ஸ்டாண்ட். பிறகு வண்டியை இடுப்பால் தள்ளிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

கழற்றிய சக்கரத்தை சில்லுக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும்.

6. முன்பக்கம்

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று குழம்பினால் மற்ற பக்கம் போய்ப் பார்க்கலாம். ஆனால் பேட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றி நிறுத்துவது கூடாது. இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து, அல்லது இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து.

கழற்றும் முன் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலிப்பரின் உட்பக்கம் தெரியும்படி ஸ்டியரிங்கைத் திருப்பிவையுங்கள். கீழ் போல்ட் 14 மி.மீ. அதைக் கழற்றினால் காலிப்பர் மேல் பின்னைப் பிடித்துக்கொண்டு கதவு மாதிரி மேலே திறக்கும். அதைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடவே கூடாது, உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

இப்போது இரண்டு பேட்டுக்கும் குறுக்கே எம் என்ற ஆங்கில எழுத்தைப் போல வளைந்த கம்பி ஸ்பிரிங் தெரியும். அது துள்ளி ஓடும் ஜாதி. ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு மறுகையால் எடுங்கள். என்னுடையது ஒன்று பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்குள் போய் விழுந்தது. பேட்களை உருவுங்கள். முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதிய பெட்டியில் தகடு வராவிட்டால் இவைதான் மறுபடி போக வேண்டும்.

தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பிரேக் தூசி நுரையீரலுக்கு ஆகாதது. கிளீனரை அடித்து, வழிவதைப் பழைய தட்டில் பிடித்துத் துடையுங்கள்.

டிஸ்க்கை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் வரப்பு மாதிரி எழும்பியிருந்தால் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோலால் அளந்து ஒத்துப் பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து, காலிப்பருக்குள்ளிருந்து பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவது. புதிய பேட் தடிமனானது, அதற்கு இடம் வேண்டும். அதற்கு முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றுங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. யாராவது நல்ல மனசோடு இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது அது பொங்கி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். சுற்றிலும் துணி கட்டுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மட்டம் மேல்கோட்டை ஒட்டி இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய பேட்டை பிஸ்டன் முகத்தில் வைத்து, அதன் மேல் ஜி கிளாம்ப் போட்டு, மெல்ல மெல்ல முறுக்குங்கள். முன்பக்கம் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்துங்கள். பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது.

பின்பு ஸ்லைடு பின்கள். உள்பேட்டும் வெளிப்பேட்டும் வேறு வேறு அளவில் தேய்ந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். ரப்பர் உறையோடு உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் இங்கே ஆகாது, ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் மறுபடி இறுகும். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். புதிய பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியால் தட்டி உட்கார வைத்தால் அது பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை விடாது.

பேட்டின் முதுகிலும் காதிலும் மெல்லியதாகச் செப்புக் கிரீஸ். டிஸ்க்கைத் தொடும் முகத்தில் கைவிரல் எண்ணெய்கூடப் பட வேண்டாம். காலிப்பரை மூடி, போல்ட்டை வண்டியின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

7. பின்பக்கம்

முன்பக்கம் சுலபமாகப் போன தைரியத்தில் பின் காலிப்பரைத் திறந்து, அதே ஜி கிளாம்ப்பைப் போட்டேன். நகரவில்லை. இன்னும் முறுக்கினேன். கிளாம்ப் வளைந்தது. அடுத்த சனிக்கிழமை, பிஸ்டனைச் சுற்றி உள்ளே தள்ளும் கருவி ஒன்றை 18 பவுண்டுக்கு வாங்கிவந்து திருகினேன். பிஸ்டனின் ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், இருபது வருடமாக கராஜ் வேலை. நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார்.

"தம்பி, ஏன் அதோட மல்லுக்கட்டுறீர்? பின்னால இருக்கிற போல்ட்டைக் கழட்டினீரோ?"

"எந்த போல்ட் அண்ணா?"

அவர் குனியக்கூட இல்லை. "காலிப்பரின்ர உள்பக்கம் கையை விட்டுப் பாரும்."

விஷயம் இதுதான். இந்த வண்டியில் பின் காலிப்பர்தான் ஹேண்ட்பிரேக்கும். பிஸ்டனை உள்ளிருந்து ஒரு திருகாணி தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைத் திருகினால்தான் பிஸ்டன் பின்வாங்கும். கிளாம்ப்பால் தள்ளினால் போகாது, பிஸ்டனைச் சுற்றினாலும் போகாது. அந்தத் திருகாணிக்கு வாசல், காலிப்பரின் உட்பக்கம், அதாவது வண்டியின் நடுவைப் பார்த்த பக்கம், 14 மி.மீ. தலையுள்ள ஒரு போல்ட். அது வெறும் மூடிதான். கழற்றினால் துளைக்குள் 4 மி.மீ. எல் கீ போகும்.

கவனியுங்கள்: அதே வட்டாரத்தில் பிரேக் ஹோஸ் வந்து சேரும் இடத்திலும் ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் திறந்தால் பிரேக் ஆயில் கொட்டும், காற்று உள்ளே போகும், மறுபடி காற்றெடுக்காமல் வண்டி நகராது. ஹோஸை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து போங்கள். அது முடிகிற இடத்து போல்ட்டைத் தொட வேண்டாம். காற்றெடுப்பதற்கான, ரப்பர் தொப்பி போட்ட சின்ன நிப்பிளையும் தொட வேண்டாம். எதிலும் சேராமல் தனியாக நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

இனி வரிசை இப்படி.

ஹேண்ட்பிரேக்கை முழுசாக விடுவியுங்கள். மூடி போல்ட்டைக் கழற்றி, எல் கீயை விட்டு, கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் திருகுங்கள். பிஸ்டன் மெல்ல உள்ளே போகும். கீ போகும் துளையில் துரு அடைத்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுங்கள். கீ பாதி ஆழத்தில் நிற்கும்போது திருகினால் அறுகோணம் வழுக்கி உருண்டையாகிவிடும், பிறகு காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான். ரப்பர் கிழிந்த என் காலிப்பருக்குப் பதிலாக, புதுப்பித்த ஒன்றை 75 பவுண்டுக்கு வாங்கினேன். அதற்கு மேல் 30 பவுண்டு முன்பணம், பழையதைத் திருப்பி அனுப்பினால்தான் திரும்ப வரும். ரசீதையும் வந்த பெட்டியையும் எறியாதீர்கள்.

பிஸ்டன் உள்ளே போனதும் காலிப்பரைத் திறந்து, பேட் மாற்றி, துரு தேய்த்து, ஸ்லைடு பின்னுக்குக் கிரீஸ் போடுவதெல்லாம் முன்பக்கம் போலவே. காலிப்பரை மூடி அதன் போல்ட்டை முறுக்கிய பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

டிஸ்க் நேராக உட்கார இரண்டு சக்கர நட்டுகளைக் கையால் போட்டு இறுக்குங்கள். இப்போது எல் கீயைக் கடிகாரமுள் திசையில் திருகிக்கொண்டே, மறுகையால் டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். பேட் டிஸ்க்கைத் தொட்டு, சுற்ற முடியாமல் நிற்கும் இடம் வரும். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். டிஸ்க் லேசாக உரசிக்கொண்டு சுற்ற வேண்டும். மூடி போல்ட்டைத் திரும்பப் போடுங்கள். மறந்தால் அடுத்த மழைக்கே உள்ளே துரு பிடிக்கும்.

இந்தச் சரிசெய்தலை விட்டுவிட்டால் ஹேண்ட்பிரேக் கூரைவரை வரும், பிடிக்காது. எம்ஓடி உருளைச் சோதனையில் இரட்டைக் குழாய் பிரேக் உள்ள காருக்கு ஹேண்ட்பிரேக் குறைந்தது 16 சதவீதம் காட்ட வேண்டும். பல எம்எக்ஸ்-5 மாட்டிக்கொள்வது இங்கேதான். அப்போது பலர் செய்யும் தவறு, உள்ளே லீவர் அடியில் இருக்கும் கேபிள் நட்டை முறுக்குவது. கேபிள் இழுத்துக்கொண்டே நிற்பதால் காலிப்பரில் கேபிள் இழுக்கும் கை முழுசாகத் திரும்பாது, பேட் நாள்பூராவும் டிஸ்க்கை உரசும். முந்தின உரிமையாளர் என் வண்டியில் செய்து வைத்திருந்ததும் அதுதான். கேபிளைத் தளர்த்தி, காலிப்பரில் சரிசெய்து, கடைசியில் கேபிள். லீவர் ஐந்து முதல் ஏழு கிளிக்கில் இறுக்கிப் பிடித்தால் சரி.

8. சாவியைத் தொடுமுன் பெடல்

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்குங்கள். அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர், நான் 110 வைக்கிறேன்.

அடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பிரேக் பெடலை மிதியுங்கள். முதல் மிதிக்கு அது அப்படியே தரைக்குப் போகும். பதறாதீர்கள். பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. நாலைந்து மிதியில் கெட்டியாகும். இதைச் செய்யாமல் வண்டியை ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் கொண்டுபோய் வைத்தவர்கள் உண்டு. பத்து மிதிக்குப் பிறகும் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது தவறான போல்ட்டைத் திறந்திருக்கிறீர்கள். அன்றைக்கு வண்டி வெளியே போகக் கூடாது.

ஆயில் மட்டத்தைப் பார்த்து, மூடியைப் போட்டு இறுக்குங்கள்.

9. புதுப் பேட்டைப் படிய வைப்பது

பேட் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஒன்றும் இல்லை என்றால் நான் செய்வது இது: வண்டி நடமாட்டமில்லாத சாலையில், 30 மைல் வேகத்திலிருந்து 10 மைலுக்கு மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைப்பது, அரை நிமிடம் ஓட்டி ஆற விடுவது, மறுபடி. பத்துத் தடவை. முழுசாக நிறுத்திப் பெடலை அமுக்கிக்கொண்டே நிற்கக் கூடாது, சூடான பேட் அந்த இடத்தில் அச்சாகப் பதிந்து பிறகு பெடல் அதிரும். கொஞ்சம் தீய்ந்த வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். முதல் நூறு மைலுக்கு முன்னால் போகும் வண்டியோடு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

வீடு திரும்பியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி கொதித்தால் அங்கே பேட் இறுகியிருக்கிறது, அல்லது பின் சக்கரத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு சுற்று விடுபட்டுவிட்டது.

10. மிச்ச வேலைகள்

ஐம்பது மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள். எனக்கு ஒன்று அரைக்கால் சுற்று போனது.

உறிஞ்சி எடுத்த பிரேக் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, உங்கள் கவுன்சிலின் குப்பை மறுசுழற்சி மையத்தில் எதை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கொடுங்கள். பழைய பேட்களைப் பையில் கட்டி அங்கேயே கொடுக்கலாம்.

ரசீதுகள், பேட்டின் பெட்டி மூடி, அன்றைய மைல் கணக்கு எல்லாவற்றையும் வண்டிக் கோப்பில் வையுங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார். அந்தக் கோப்பின் மேலட்டையிலேயே நான் அந்த 4 மி.மீ. எல் கீயை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.